பட்டியலில் இல்லாத வீடு

என் வேலை கேள்வி கேட்பது. ஒரு மருத்துவ ஆய்வுக் குழுவில் களப்பணிக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. கையில் பதில்களைப் பதிய ஒரு டேப், தோளில் ஒரு பை, பைக்குள் சிறுநீர் பிடித்துக் கொடுக்க மூடி போட்ட சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள். ரத்தம் எடுப்பதற்கு லேப்பிலிருந்து ஒரு பெண் கூடவே வருவாள். கம்பத்தைச் சுற்றியிருக்கிற ஊர்களில் கூலி வேலைக்குப் போகிறவர்களின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு.

அதை நடத்திய டாக்டரம்மா வடக்கே எங்கோ இருந்து வந்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் சர்க்கரையும் இல்லாத, ரத்தக்கொதிப்பும் இல்லாத கூலிக்காரர்கள் சிலரைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார். இவர்களுக்கு ஏன் இப்படி ஆகிறது என்று மனதில் விழுந்த கேள்வி அவரை விடவில்லை. அதனால் ஆஸ்பத்திரியை விட்டுத் தெருவுக்கு வந்தார்.

கேள்வித்தாளில் ஒரு கேள்வி இருந்தது. 'வேலை நேரத்தில் எத்தனை தம்ளர் தண்ணீர் குடிப்பீர்கள்?' சுருளிப்பட்டியில் நான் போன முதல் வீட்டிலேயே அதைக் கேட்டதும் அந்த அம்மா சிரித்துவிட்டார்.

"குடிச்சா எங்கன போயி ஒக்கார்றது?"

அவர் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். எங்கள் பக்கத்துப் பெண்கள் விடிவதற்குள் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலைக்கு அந்தப் பக்கம் கேரளத் தோட்டங்களுக்கு ஏலக்காய் எடுக்கப் போவார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று கேட்டால் சிரிப்பார்கள். தோட்டத்தில் ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் வேலை செய்வார்கள். மேஸ்திரி பின்னாலேயே நிற்பார். ஆண்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, இரண்டடி தள்ளித் திரும்பி நின்றால் போதும். பெண்கள் ஒதுங்க வேண்டுமென்றால் சரிவில் வெகு தூரம் இறங்க வேண்டும். அங்கே அட்டை கடிக்கும். இறங்கி ஏறி வருவதற்குள் மேஸ்திரி இரண்டு தடவை சத்தம் போட்டிருப்பார். அதனால் காலையில் ஒரு டீயோடு சரி. மலைக் குளிரில் தாகமும் எடுக்காது. சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் ஒண்ணுக்குப் போவது என்று உடம்பைப் பழக்கி வைத்திருந்தார்கள்.

இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. என் அக்கா பதினெட்டு வருஷமாக அந்த ஜீப்பில் போய்க்கொண்டிருந்தாள்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தாள். மச்சான் திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கப் போவார். நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். ஒரே மகளைப் போடியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அக்காதான் அந்த வீட்டின் சத்தம். ஜீப்பிலும் அவள் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். ஏலக்காய் செடியின் அடியில், தரையோடு தரையாகக் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தோ குத்த வைத்தோதான் எடுக்க வேண்டும். அக்காவின் கை வேகத்துக்கு யாரும் கிட்டே வர முடியாது. அதற்குப் பலன் இடுப்பு வலி. வீட்டுக்கு வந்தால் சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்து, "மேலு வலி உசுரு போகுதுடி" என்பாள்.

அந்த வலிக்கு ஒரு மாத்திரை உண்டு. கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மெடிக்கலில் அட்டையைக் காட்டினால் போதும், சீட்டு எதுவும் கேட்க மாட்டார்கள். காலையில் ஒன்று போட்டுக்கொண்டு மலையேறினால் மத்தியானம்வரை தாங்கும். மத்தியானம் இன்னொன்று. நான் தினமும் பஸ் ஸ்டாண்ட் வழியாக வருகிறவள். வாரத்துக்கு ஒரு தடவை அவளுக்கு அதை வாங்கி வந்து கொடுப்பது என் பொறுப்பாகவே ஆகிவிட்டது.

எந்த வீட்டில் கேட்க வேண்டும் என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை. கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு ஒரு பட்டியல் தரும். அந்த வீடுகளுக்குத்தான் போக வேண்டும். வசதியாக இருக்கிறது, தெரிந்தவர்களாக இருக்கிறார்கள் என்று வீட்டை மாற்றினால் ஆய்வே கெட்டுவிடும் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். நான் அந்த விதியை மீறியதே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எங்கள் தெரு பட்டியலில் வந்தது. அன்றைக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் ஏதோ கடையடைப்பு. ஜீப் எதுவும் போகவில்லை. மலைக்குப் போகிற பெண்களெல்லாம் வீட்டில் இருந்ததால் எங்களுக்கு வேலை எளிதாக நடந்தது. அக்காவுக்கு அடுத்த வீட்டுப் பெண் பட்டியலில் இருந்தாள். அக்கா வயதுதான், அதே ஜீப்தான். நான் அவளிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா வந்து வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் அவளும் ஒரு பதில் சொன்னாள். ரத்தம் எடுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்துக் கேலி செய்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"என்னையும் கேளேன்டி. எனக்கும் ஒரு டப்பா குடு."

"ஒன் வீடு லிஸ்டுல இல்லக்கா."

"ஆமா, கம்ப்யூட்டருக்கு என்னையப் பிடிக்கல போல." சிரித்துக்கொண்டே பூண்டுத் தோலை ஊதிவிட்டு எழுந்து போனாள்.

பையில் கூடுதலாக நாலு டப்பாக்கள் இருந்தன. ஆய்வுக் கணக்கில் சேர்க்காமலாவது ஒரு சோதனை செய்திருக்கலாம். லேப் பெண் மறுத்திருக்க மாட்டாள். அது எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த வீட்டு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்கு ஒரு மாதம் கழித்துக் கூடலூரில் ஒரு வீடு. கேள்வித்தாளில் 'தினமும் ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?' என்று ஒரு கேள்வி உண்டு. எல்லாரும் இல்லை என்றே சொல்லி வந்தார்கள். இந்த அம்மாவும் இல்லை என்றார். இல்லை என்று டேப்பில் தட்டிவிட்டேன். பேசி முடித்துக் கிளம்பும் நேரத்தில் பேத்திக்கு மிட்டாய் கொடுக்க முந்தானை முடிச்சை அவிழ்த்தார். மிட்டாயோடு, அட்டையிலிருந்து கத்தரித்த இரண்டு மாத்திரைகள் இருந்தன. இது என்ன என்று கேட்டேன்.

"இது மருந்தில்லத்தா. மேலு வலி மாத்திர. மலைக்குப் போறவுக எல்லாரும் போடுறதுதான்."

அந்த அட்டையின் பச்சை நிறம் எனக்கு நன்றாகத் தெரியும். முந்தின நாள்தான் அதே அட்டையை வாங்கி அக்காவிடம் கொடுத்திருந்தேன்.

அன்றைக்கே டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். தண்ணீர் குடிக்காத காரணத்தையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது அந்த வகை மாத்திரையை வருஷக்கணக்காகப் போட்டால் சிறுநீரகம் என்ன ஆகும் என்று எனக்கு விளக்கினார். அது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். இங்கே வீட்டுக்கு வீடு அதுதான் நடக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

"நாம தப்பான கேள்வியைக் கேட்டுட்டிருக்கோம். அவங்க சரியாத்தான் பதில் சொல்றாங்க" என்றார்.

கேள்வித்தாளை மாற்றினோம். 'மருந்து' என்று கேட்காமல், அந்தப் பச்சை அட்டையையும் அது மாதிரி இன்னும் சில அட்டைகளையும் கையில் கொண்டுபோய்க் காட்டிக் கேட்டோம். ஒதுங்க இடம் இருக்கிறதா என்று கேட்டோம். ஏற்கெனவே போன வீடுகளுக்கெல்லாம் மறுபடி போனோம். இல்லை என்று சொன்ன வீடுகள் பலவற்றில் ஆமாம் என்று பதில் வந்தது.

கூடலூரிலிருந்து வந்த அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். அந்த மாத்திரையை இனிப் போடாதே என்றேன்.

"போடலேன்னா நாளைக்கு மலைக்கு நீ போவியா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கொஞ்சம் குறைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் வாங்கி வரச் சொன்னாள். நான் பாதி அட்டை வாங்கிப் போனேன். முழு அட்டையை வாங்காததையே பெரிய காரியமாக நினைத்துக்கொண்டேன். சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அப்போது நினைத்தேன்தான். அவளுக்கு லீவு கிடைக்கிற நாளில் எனக்குக் களவேலை இருந்தது. இப்படியே தள்ளிப் போயிற்று.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் முடிவு வந்தது. சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்திருந்தது. ஆரம்பம்தான், கவனித்தால் பிடித்து நிறுத்திவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அவள் பயந்துபோய் மாத்திரையை அன்றே விட்டாள். மலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டுச் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் கொடி கட்டும் வேலைக்குப் போனாள். மாதம் ஒரு தடவை சோதனைக்கு வந்தாள்.

அக்காவைத் தோட்டத்திலிருந்து ஒரு நாள் மத்தியானம் ஜீப்பில் கொண்டு வந்து இறக்கினார்கள். காலையிலிருந்து வாந்தி. முகம் வீங்கிக் கண் இடுங்கியிருந்தது. சில வாரமாகவே விடிந்ததும் முகம் உப்பியிருக்குமாம். மலைக்குளிர் என்று நினைத்திருக்கிறாள். கம்பத்தில் ரத்தம் பார்த்த உடனேயே தேனிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தத்தில் உப்பு கூடிப்போய்விட்டது, இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன, இது ரொம்ப நாளாக நடந்து வந்திருக்கிறது என்றார்கள். மச்சான் என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் இதைப் பற்றியெல்லாம் படித்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

எங்கள் தெருவுக்கு வந்த அன்றைக்கே, நாலு மாதத்துக்கு முன்னால், பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. "டயாலிசிஸைக் கொஞ்ச நாள் தள்ளிப் போட்டிருக்கலாம். முழுசாத் தடுத்திருக்க முடியாதுன்னு நினைக்கிறேன். ஆனா எனக்கு உறுதியாத் தெரியாது" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பல வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். கம்பத்தில் பஸ் ஏறினால் உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி தாண்டித் தேனி. மச்சான் வேலைக்குப் போயாக வேண்டும் என்பதால் பெரும்பாலும் நான்தான் கூடப் போனேன். டாக்டரம்மா என் களவேலை நாட்களை அதற்குத் தகுந்த மாதிரி மாற்றிக் கொடுத்தார். அக்காவின் இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஊசி குத்த வழி செய்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே ரத்தம் இரைந்து ஓடுவது தெரியும். பஸ்ஸில் என் விரலை எடுத்து அதன் மேல் வைத்து, "தண்ணி மோட்டார் மாதிரி ஓடுது பாத்தியா" என்பாள்.

அவளுக்குத் தாகம் வந்துவிட்டது. பதினெட்டு வருஷம் தெரியாத தாகம். ஆனால் இப்போது குடிக்கக் கூடாது. உடம்பு தண்ணீரை வெளியேற்றாததால், குடிக்கிறதெல்லாம் உள்ளே தங்கி நெஞ்சை அடைக்கும். நாளைக்கு அரை லிட்டர், அதற்குள்தான் காப்பி, குழம்பு, மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம். ஒரு சொம்பில் காலையிலேயே அளந்து வைத்துவிடுவோம். மத்தியானத்துக்குள் அது முடிந்துவிடும். அப்புறம் எலுமிச்சைத் துண்டை நாக்கில் வைத்துக்கொள்வாள். பஸ்ஸில் யாராவது பாட்டிலைத் திறந்து குடித்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒரு நாள் மெஷினில் படுத்திருக்கும்போது அவளிடம் சொன்னேன். அந்த மாத்திரையும் ஒரு காரணமாக இருக்கலாம், அதை வாங்கிக் கொடுத்தது நான், தெரிந்த பிறகும் வாங்கிக் கொடுத்தேன், லிஸ்டில் இல்லை என்று சொல்லாமல் அன்றைக்கே பார்த்திருக்கலாம். ஒன்று விடாமல் சொன்னேன். பரவாயில்லடி என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை. ஓடுகிற மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிச்சவ நீ," என்றாள் கடைசியில். "நீயும் கேக்கல பாத்தியா."

அதற்குப் பிறகு இரண்டு தடவை தேனிக்குப் போய் வந்தபோதும் என்னோடு பேசவில்லை. மூன்றாவது தடவை பஸ்ஸில் ஏறியதும், ஜன்னல் பக்கம் உட்காரணும், நகர்ந்துக்கோ என்றாள். அவ்வளவுதான். மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆய்வில் தெரிந்ததை ஊருக்குச் சொல்ல ஒரு கூட்டம் வைத்தோம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. டாக்டரம்மா சுவரில் படம் காட்டிப் பேசினார். நல்ல கிட்னி, கெட்டுப்போன கிட்னி, அம்புக்குறிகள். பெண்கள் மரியாதையாகக் கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பின்வரிசையில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. டீ எப்போது தருவார்கள் என்று ஒருத்தி என்னிடம் சைகையில் கேட்டாள். எல்லாம் சரியாகச் சொல்லப்பட்டது, எதுவும் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

அப்போது மச்சானின் மொபெட் வாசலில் வந்து நின்றது. பின்னால் அக்கா. நான் அவளைக் கூப்பிடவில்லை. வரப்போவதாக அவளும் சொல்லவில்லை. உள்ளே வந்து டாக்டரம்மாவிடம், ரெண்டு வார்த்தை பேசலாமா என்று கேட்டாள். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. சேலைத் தலைப்பை ஒதுக்கி அந்த இடது கையை நீட்டினாள். ஊசி குத்திய இடமெல்லாம் கயிறு முறுக்கிய மாதிரி புடைத்திருக்கும்.

"இந்தக் கையத் தொட்டுப் பாருங்க. பயப்படாம தொடுங்க," என்றாள். முன்வரிசைப் பெண் ஒருத்தி தொட்டுவிட்டு வெடுக்கென்று விரலை எடுத்துக்கொண்டாள். "பதினெட்டு வருசம் ஒங்க கூடத்தான் மலைக்கு வந்தேன். ஒண்ணுக்கு வந்துருமேன்னு தண்ணி குடிக்கல. இப்ப குடிக்கணும்னு ஆசையா இருக்கு, குடிக்கக் கூடாதுங்கிறாக. ஒண்ணுக்கும் வர்றதில்ல."

அவளுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் நின்றாள்.

"நாளைக்குப் போறப்ப ஆளுக்கொரு கேன் தண்ணி எடுத்துக்கிருங்க. ரெண்டு பழைய சேலையும் கயிறும் எடுத்துக்கிட்டுப் போயி மறைவு கட்டுங்க. மேஸ்திரி கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க. அவரு என்னைய ஒண்ணும் செய்ய முடியாது."

பின்வரிசையில் யாரோ அழுதார்கள். டாக்டரம்மா படத்தை நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் கேள்விகள் வந்தன. எந்த மாத்திரை, எத்தனை நாள், இடுப்பு வலிக்கு வேறு என்ன செய்வது, சிறுநீர் என்ன நிறத்தில் போனால் ஆபத்து. சாயங்காலம்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ஜீப்பில் சேலையும் கயிறும் போயிற்று. மேஸ்திரி சத்தம் போட்டிருக்கிறார். பெண்கள் எல்லாரும் கூடையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு தோட்டத்து முதலாளி தகரம் அடித்து ஒரு கழிப்பறை கட்டிக் கொடுத்தார். இன்னொருவர் இந்த ஊர் ஜீப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அவர்கள் வேறு தோட்டத்துக்குப் போனார்கள். டாக்டரம்மா கம்பத்தில் மெடிக்கல் மெடிக்கலாக ஏறி இறங்கிப் பேசினார். சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை. நான் சிறுநீரின் நிறங்களை வரிசையாகக் காட்டும் அட்டையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். குனிந்து வேலை செய்கிறவர்கள் நடுநடுவே முதுகை நிமிர்த்த வேண்டிய முறையைச் செய்து காட்டினேன். கேட்பது மட்டும் என் வேலையாக இருந்தது, சொல்வதும் சேர்ந்துகொண்டது.

சாயங்காலம் ஜீப் வந்ததும் பெண்கள் நேராக அக்கா வீட்டுக்கு வருவார்கள். "அக்கா, இன்னைக்கு ரெண்டு தடவ போனேன்." "நான் மூணு." பரீட்சையில் வாங்கிய மார்க்கைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அக்காவும் விழுந்து விழுந்து சிரிப்பாள். நாலைக் காணோமே, நாளைக்கு நாலு போகணும் என்பாள். அவர்கள் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். நான் சோற்றைப் பிசைந்து கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்காருவேன். சில நாள் சாப்பிடுவாள்.

இப்படி ஒன்றே முக்கால் வருஷம்.

அன்றைக்கு டயாலிசிஸ் நன்றாகவே முடிந்தது. தேனியில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வெயில் அடிக்கிறது என்று ஜன்னலுக்குத் துண்டு போட்டேன். மகள் உண்டாகியிருக்கும் செய்தி அந்த வாரம்தான் வந்திருந்தது. அவளைத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்ல வேண்டும், நீயே போன் போட்டுச் சொல்லு, நான் சொன்னால் கேட்க மாட்டாள் என்றாள். சின்னமனூர் தாண்டியதும் என் தோளில் தலையைச் சாய்த்தாள். டயாலிசிஸ் முடிந்த அசதியில் எப்போதும் தூங்குவாள். மார்க்கையன்கோட்டை விலக்கில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியபோது அவள் தலை சரிந்தது. பிடித்து நிமிர்த்தினேன். கையைத் தொட்டேன். உள்ளே இரைச்சல் இல்லை.

நான் கத்தினேனா, என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கண்டக்டர் ஓடி வந்து பார்த்தார். டிரைவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்டாப் எதிலும் நிறுத்தாமல் உத்தமபாளையம் ஆஸ்பத்திரி வாசலுக்கே பஸ்ஸை விட்டார். பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள். சந்தைக்குப் போய் வருகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. நாலு பேர் அவளைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். நான் வெளியே வந்தபோது பஸ் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. எல்லாரும் இறங்கி நிழலில் நின்றிருந்தார்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருத்தா அவுக?" என்று கேட்டார். என் அக்கா என்று சொன்னேன். அப்போதுதான் அழுகை வந்தது.

மூன்றாம் நாள் காரியத்துக்கு ஜீப்பில் போகிற பெண்கள் ஒருவர் விடாமல் வந்தார்கள். அன்றைக்கு மலைக்கு யாரும் போகவில்லை. மச்சான் அந்தச் சொம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

பக்கத்து வீட்டுப் பெண் இப்போது நன்றாக இருக்கிறாள். சோதனைக்கு ஒழுங்காக வருகிறாள், புரதம் கூடவில்லை. ஆனால் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். ஒரு வருஷம் அப்படியே போயிற்று. ஒரு நாள் ரிசல்ட் தாளைக் கொடுக்க அவள் வீட்டுக்கே போனேன். வாங்கிக்கொண்டு, "ஒங்க அக்கா வீட்டுப் பக்கம் பாக்கவே முடியலத்தா. நான் மட்டும் இருக்கேனேன்னு இருக்கு," என்றாள். நீங்கள் இருப்பதுதான் எனக்கு ஆறுதல் என்று சொன்னேன். அது பாதி உண்மைதான். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா பூண்டு உரித்த அந்தக் காலைப் பொழுதும் சேர்ந்து நினைவுக்கு வரும். அதை அவளிடம் சொல்லவில்லை.

டாக்டரம்மா வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். வேலை நிற்கவில்லை. எங்கள் பக்கத்து ஜீப் பெண்களில் இன்னும் ஏழெட்டுப் பேருக்கு நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தோம். இப்போது பட்டியலில் இல்லாத வீட்டில் யாராவது கேட்டாலும் பார்க்கிறோம். ஆய்வுக் கணக்கில் அது சேராது. அதற்குத் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.

போன மாதம் மேகமலைக்குப் போயிருந்தோம். சின்னமனூரிலிருந்து ஜீப்பில் ஏறினால் எலும்பெல்லாம் கழன்றுவிடும். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீடு ஒன்றில் ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா. கொழுந்து எடுக்கிறவர். நான் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். தண்ணீர், மாத்திரை, முகம் வீங்குவது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்த பிறகு கேட்டார்:

"இதெல்லாம் தெரிஞ்சவுக முந்தியே இங்கன வந்திருக்கக் கூடாதாத்தா? எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் மொகம் வீங்குச்சு."

"முந்தி எங்களுக்கே தெரியாதும்மா," என்றேன்.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. உட்காரச் சொன்னார். கணவருக்கு முதலில் கால் வீங்கியது, தோட்டத்து ஆஸ்பத்திரியில் காட்டியது, கீழே கொண்டுபோக மழையில் ரோடு இல்லாமல் போனது, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். டேப்பை அணைத்து மடியில் வைத்துக்கொண்டேன். வெளியே டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார், லேப் பெண் போய் அவரைக் காத்திருக்கச் சொன்னாள். அந்த அம்மா கடைசிவரை சொல்லி முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் முதல் கேள்வியைக் கேட்டேன்.